போயிட்டு வரேன் என்றொரு பட்டன்

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் ஏறி ஸ்ரீரங்கம் போய்க்கொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் வழக்கம்போல நின்றுவிட்டது. நிற்கிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது என்னால் ஆகாத காரியம். பொதுவாகவே எனக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளாது. கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டுவதற்குள் நாலு தடவை எழுந்துபோய்ப் பந்தி போட்டாச்சா என்று பார்த்துவிட்டு வருகிற ரகம். அன்றைக்கும் ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். அப்போது முன்சீட்டிலிருந்து ஒரு பெண் குரல், "போயிட்டு வாங்க!" என்றது. கூடவே ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்து முடியாமல் போன சிரிப்பு.

அது என் குரல்.

பயந்துவிடாதீர்கள், பேய்க்கதை சொல்லப் போவதில்லை. முன்சீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். கையில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். அதற்குள்ளிருந்துதான் நான் பேசியிருக்கிறேன். அவர் பாட்டுக்குப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் கைகால் பரபரவென்று ஆகிவிட்டது. அந்தக் குரலைக் கேட்டு வருஷங்கள் ஆகின்றன. அது எந்தப் போனிலும் மிச்சம் இருக்காது என்றே நினைத்திருந்தேன்.

அவர் மடியில் இருந்த மஞ்சப்பையில் புதுப்புளி வாங்கியிருந்தார் போலிருக்கிறது. பஸ் நின்ற புழுக்கத்தில் வாசனை குப்பென்று அடித்தது. குரல் என்னைப் பழைய நாளுக்குப் பாதி இழுத்தது, மீதியைப் புளி இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஏனென்றால் நான் முதன்முதலில் வேலை பார்த்த ஆபீசுக்கு அதே வாசனைதான்.

ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றி வருகிற வீதிகளில் ஒன்றில், ஒரு வாடகைப் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். கீழே அண்டா, குண்டான், ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி. கல்யாணத்துக்குப் போகிற அதே நாற்காலிதான் கருமாதிக்கும் போகும். விசேஷம் முடிந்து திரும்பி வந்த பாத்திரங்களைப் பின்கட்டில் புளி போட்டுத் தேய்ப்பார்கள். மாடிப்படி முழுக்க அந்தப் புளிப்பு. வேலை கேட்டுப் போன அன்று முரளி கேட்ட முதல் கேள்விக்கு, வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னேன். பயந்த பெண் என்று நினைத்துக்கொண்டாராம்.

முரளி ஸ்ரீரங்கத்துக்காரர். மெட்ராஸில் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, நம்ம ஜில்லாவுக்கென்று ஒரு ஆப் செய்கிறேன் என்று உட்கார்ந்தவர். ஆப்புக்குப் பேர் 'எட்டிப்பார்'. பக்கத்து வீட்டு வாசலில் தலையை நீட்டி, "என்ன விசேஷம்?" என்று கேட்போம் இல்லையா, அதைப் போனில் செய்வது. கரண்ட் எப்போ வரும், எந்தக் கடையில் தேங்காய் சல்லிசு, யார் வீட்டுப் பையன் பாஸ், யார் காலமானார், எல்லாம் அதில் வரும். வருகிறதை எல்லாம் படித்துப் பார்த்து, வம்பு வழக்கு இருந்தால் எடுத்துவிடுவது என் வேலை. ஊர் வம்பைப் படிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் யார் விடுவார்கள்? நான் லால்குடி. டிகிரி முடித்த கையோடு, "ஒண்ணு மெட்ராஸ் போ, இல்லைன்னா மாப்பிள்ளை பாக்கறோம்" என்று வீட்டில் கெடு வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் தப்பிக்க எனக்கு இருந்த ஒரே சந்து இந்த வேலைதான். அது போனால் நானும் போனேன்.

"இங்க சார் மோர்லாம் கிடையாது. முரளின்னே கூப்பிடு" என்றார் முதல் நாளே. என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவரை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது? ரொம்ப நாள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தேன். அவர் திரும்புகிற வரைக்கும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிற்பேன். "தைராய்டு இருக்கா உனக்கு?" என்று கேட்டவன் அந்தோணி. பிறகுதான் 'அண்ணா' என்று ஆரம்பித்தேன். அந்தோணி பொன்மலைப் பையன், என் வயசு. ஆப்பை எழுதினவன் அவன்தான். கம்ப்யூட்டரோடு பேசும்போது மரியாதையாகவும் என்னோடு பேசும்போது "அம்மா தாயே" என்றும் பேசுவான்.

அந்த பட்டனுக்கு வருகிறேன். ஆப்பை விட்டு வெளியே வர ஒரு பட்டன் வேண்டும். அதில் என்ன எழுதுவது என்று ஒரு முழு நாள் சண்டை. 'வெளியேறு' என்று முரளி எழுதிப் பார்த்தார். "வாடகை பாக்கிக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்ற மாதிரி இருக்கு" என்றான் அந்தோணி. 'விடைபெறு' என்றால் ஸ்கூல் ஆண்டு விழா மாதிரி இருந்தது. "என்னத்துக்கு இவ்வளவு யோசனை? ஒரு வீட்லேர்ந்து கிளம்பறப்ப என்ன சொல்வோம்?" என்று நான் அலுத்துக்கொண்டு கேட்டேன். போயிட்டு வரேன். அவ்வளவுதான், அதையே எழுதிவிட்டார்கள். எழுதின பிறகு இன்னொரு குறை தெரிந்தது. ஒருத்தர் 'போயிட்டு வரேன்' என்றால் வீட்டில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டாமா?

பதில் சொல்ல என்னைப் பிடித்தார்கள். மாடியில் அண்டா சத்தம் காதைப் பிளக்கும். அதனால் கீழே கடைக்காரரைக் கேட்டு, மடித்து அடுக்கின ஷாமியானாத் துணிகளுக்கு நடுவில் என்னை உட்கார வைத்து, அந்தோணி போனை நீட்டிக்கொண்டு நின்றான். நானும் ரேடியோவில் வாசிக்கிறவர் மாதிரி குரலை வைத்துக்கொண்டு, "போயிட்டு... வாங்க" என்றேன். "மாரியம்மன் கோயில் மைக் செட் மாதிரி இருக்கு. வேற" என்றான். பல தடவை ஆயிற்று. கடைசியில் நான் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து அவன் ஒரு கோணங்கி மூஞ்சி காட்டினான். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. முரளி கேட்டுவிட்டு, இதுதான், இதை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. பட்டனைத் தொடுவதற்காகவே உள்ளே வந்தவர்கள் உண்டு. லால்குடி பாசஞ்சரில் நான் உட்கார்ந்திருக்கும்போது நாலு பக்கத்திலிருந்தும் நானே என்னை வழியனுப்புவேன். என் அம்மா மட்டும், "வீட்ல இருக்கறவங்களுக்கு ஒரு நாள் வாய் திறந்து போயிட்டு வான்னு சொன்னதில்ல. ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுது" என்றாள்.

எல்லாரும் ஆசையாகத் தொடுகிறார்கள் என்பதால் அந்தோணி அதையே கணக்குக்கும் வைத்துக்கொண்டான். உள்ளே வந்தால் பேருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். பட்டனைத் தொட்டால் அணையும். தொடாவிட்டால், போன் மூடிக் கிடந்தாலும், ஆள் உள்ளே இருப்பதாகவே எண்ணும். யார்தான் தொடாமல் போகப் போகிறார்கள் என்று நாங்கள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப் வளர்ந்தது. வளர்கிறது என்றால் சந்தோஷமாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? வளர்கிற பிள்ளைக்குச் சட்டை பற்றாத மாதிரி ஒவ்வொரு நாளும் ஒரு இடத்தில் கிழியும். துறையூரில் இரண்டு விதைக்கடைக்காரர்கள் ஆப்பிலேயே அடித்துக்கொண்டார்கள். பச்சைமலையில், "இன்னைக்கு பஸ் மேல வருதா?" என்று ஒருத்தர் கேட்டால், "வருது", "வரல", "போன வாரம் வந்துச்சு" என்று பதில் குவியும், நான் யாருடையதை எடுப்பது? வைகுண்ட ஏகாதசி அன்று சொர்க்கவாசல் திறந்ததும் ஊரே ஒரே நேரத்தில் போட்டோவை ஏற்றியது. சர்வர் படுத்துவிட்டது. "பெருமாள் ஊர்ல சர்வர் மட்டும் நின்னுக்கிட்டா இருக்கும்?" என்று அந்தோணி கேட்க, முரளி அவனை அடிக்கப் போய்விட்டார். எதற்குமே காசு வேண்டும். புது சர்வருக்கு வேண்டும், இன்னும் நாலு ஆளுக்கு வேண்டும்.

கையில் இருக்கிற பணம் எத்தனை மாசம் ஓடும் என்பதற்கு அந்தத் தொழிலில் 'ரன்வே' என்று பேர். ரன்வே என்றால் எனக்கு ஏர்போர்ட் பக்கம் பஸ்ஸில் போகும்போது தெரிகிற கம்பிவேலிதான். எங்கள் ரன்வே அந்தக் கம்பிவேலிக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டது என்று முரளி நடக்கிற நடையிலேயே தெரிந்தது. மொட்டைமாடியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே குனிந்து குனிந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பார். பார்க்கிற எனக்கே கால் வலிக்கும். மெட்ராஸ் போனார், பெங்களூர் போனார். முதலீட்டாளர்கள் காபி கொடுத்தார்கள், பாராட்டினார்கள், "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். எங்கள் வீட்டிலும் அப்போது பெண் பார்க்கும் படலம் ஆரம்பித்திருந்தது. சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று கிளம்பினவர்களை எனக்குத் தெரியும். "அண்ணா, அவங்க லெட்டர் போட மாட்டாங்க" என்று முரளியிடம் சொன்னேன். பாவம், சிரித்தார்.

அந்த நேரத்தில்தான் நந்திதா வந்தார். பெங்களூரில் ஒரு முதலீட்டுக் கம்பெனி. பூர்வீகம் நம்ம பக்கம், வளர்ந்தது எல்லாம் வடக்கே. ஒவ்வொரு தமிழ் வார்த்தையையும் கடையில் பொருளை எடுத்துப் பார்த்து வைப்பது போல் நிதானமாகப் பேசுவார். நல்ல மனுஷி, அதை மறைக்கக் கூடாது. வீடியோ காலில் எங்கள் கணக்கையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மத்த ஆப்ல ஜனங்க நிமிஷக் கணக்குல இருக்காங்க. உங்க ஆப்ல மணிக்கணக்கா இருக்காங்களே, எப்படி முரளி?"

முரளி அந்தோணியைப் பார்த்தார். அந்தோணி தேடிப் பார்த்துச் சொன்னான். அப்படி மணிக்கணக்கில் இருப்பவர்கள் எல்லாரும் 'துக்கச் செய்தி' பக்கத்தில் இருக்கிறார்கள். யார் இறந்துபோனார், எப்போது எடுக்கிறார்கள் என்று போடுகிற பக்கம் அது. முரளிக்குச் சட்டென்று ஒரு விளக்கம் தோன்றியது. "எங்க ஊர்ல துக்கம்னா எல்லாரும் கூடி உக்காருவாங்க. பேசணும்னு இல்ல. சும்மா கூட இருப்பாங்க" என்றார். நந்திதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே ஒரு அண்டா உருண்டது. "முரளி, இதுதான் உங்க கதை" என்றார். அந்தத் தொழிலில் பணம் கதைக்குத்தான் வரும்.

அதற்கப்புறம் ஆபீசில் ஒரே குதியாட்டம். பணம் அநேகமாக உறுதி. ஆனால் பெங்களூரிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு யோசனை வந்துகொண்டிருந்தது. துக்கச் செய்தியை முதல் பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஜில்லாவில் யார் இறந்தாலும் எல்லார் போனிலும் மணி அடிக்கட்டும். பூமாலைக் கடை, அமரர் ஊர்தி, பதினாறாம் நாள் சமையல்காரர், இவர்களிடம் விளம்பரம் வாங்கலாம். அதைப் படித்த கையோடு எழுந்தேன். "சாவு எண்ணிக்கிட்டு உக்காரணுமா நான்?" என்று முரளியிடம் கத்தினேன். "பணம் வரட்டும்மா. அப்பறம் நாமதானே, பாத்துக்கலாம்" என்றார். கத்தினேனே தவிர, அந்தப் பணம் வர வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன். வந்தால் நான் ஸ்ரீரங்கத்தில் இருப்பேன். வராவிட்டால் சொஜ்ஜி பஜ்ஜி.

கையெழுத்துப் போட நந்திதா நேரில் வருவதாக இருந்த வாரம், அந்தோணியின் அப்பா தவறிவிட்டார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். செய்தியை ஆப்பில் நான்தான் போட்டேன். நானும் முரளியும் பொன்மலைக்குப் போனோம். வீடு கொள்ளாத கூட்டம். உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தோணி அப்பா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். அழவில்லை, ஒரு மாதிரி வெறித்துக்கொண்டிருந்தான். நாங்கள் சுவரோரமாக உட்கார்ந்தோம். வழி தெரிவதற்காக முரளி அந்தச் செய்தியைப் போனில் திறந்து வைத்திருந்தார். அதை அணைத்துப் பையில் போடுகிறேன் என்று எங்கேயோ விரல் பட்டுவிட்டது.

"போயிட்டு வாங்க!" என்று நான் கூவினேன். அந்தச் சிரிப்போடு.

ஜெபம் நின்றுவிட்டது. அத்தனை முகமும் திரும்பியது. "யாருடி அது, எழவு வீட்ல?" என்று அந்தோணியின் அத்தை கேட்டார். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. அந்தோணி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தச் சிரிப்புக்குக் காரணமே அவன்தான், அது அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்போதுதான் அவன் அழ ஆரம்பித்தான்.

கிளம்பும்போது நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தோம். உங்களுக்குத் தெரியாததா? எழவு வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று யாராவது சொல்வார்களா? திரும்ப வருகிறேன் என்றால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழ வேண்டும் என்று ஆகாதா? பேசாமல் எழுந்து போவதுதான் மரியாதை. நம்ம ஊரில் ஐந்து வயசுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ரயில்வே குவார்ட்டர்ஸ் ரோட்டில் முரளி தலையில் அடித்துக்கொண்டே வந்தார், என்ன காரியம் பண்ணிட்டேன், என்ன காரியம் பண்ணிட்டேன் என்று. எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

"அண்ணா, துக்கச் செய்தி பாத்துட்டு அந்த பட்டனை யாரு தொடுவா?"

"என்ன?"

"எழவு வீட்லேர்ந்து யாரு போயிட்டு வரேன்னு சொல்லுவா? அப்படியே போனை மூடிப் பையில போட்டுக்கிட்டுப் போயிருப்பாங்க."

முரளி நாலடி திரும்பி வந்தார். "அப்ப அந்த மணிக்கணக்கு?"

"எல்லாம் சட்டைப் பையில இருந்த மணிக்கணக்குண்ணா."

கூடி உட்கார்ந்தவர்கள் ஒருத்தரும் இல்லை. சொல்லிக்கொள்ளாமல் போனவர்களை எல்லாம் எங்கள் கணக்கு உள்ளேயே உட்கார வைத்திருந்தது. முரளி ரோட்டோரம் இருந்த திட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம், இதே ஜில்லாவில் பிறந்து வளர்ந்த எங்கள் மூன்று பேருக்கும் ஒரு பட்டன் என்று வந்ததும் மறந்துபோய்விட்டது, பாருங்கள்.

அந்த வாரம் முழுக்க, அவர் இதை நந்திதாவிடம் சொல்வாரா மாட்டாரா என்பதே கவலை. சொன்னால் கதை போச்சு, கதை போனால் பணம் போச்சு, பணம் போனால் எல்லாரும் வீட்டுக்கு. சொல்லாமல் கையெழுத்து வாங்கினால், பொய்க் கணக்கைக் காட்டிப் பணம் வாங்கின மாதிரி. விஷயம் காதில் விழுந்ததும், துக்கத்துக்கு நடுவிலும் அந்தோணி முரளிக்குப் போன் செய்து, "சொல்லிடுங்கண்ணா. எங்கப்பா பேரும் அந்தக் கணக்குல இருக்கு" என்றான். என்னை முரளி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கையில் வேலை ஓடவில்லை. ஒரே செய்தியை மூன்று தடவை படித்துவிட்டு, காணாமல் போன ஆடு கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் விழித்தேன்.

நந்திதா காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, கையில் துளசியோடு மாடி ஏறி வந்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக முரளி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எழவு வீட்டு வழக்கம், பட்டன், சட்டைப் பை, ஒன்று விடவில்லை. சொல்லிவிட்டாரே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, போச்சே என்றும் இருந்தது. நந்திதா துளசியை மேஜைமேல் வைத்தார். பிறகு சிரித்தார்.

"இவ்வளவுதானே? அந்த பட்டனை எடுத்துடுங்க."

எங்களுக்குப் புரியவில்லை. "பட்டன் இல்லைன்னா யார் வெளிய போறாங்கன்னே தெரியாதே?" என்றார் முரளி.

"எதுக்குத் தெரியணும்? வர்றதை மட்டும் எண்ணுவோம். உங்க போன்ல இருக்கற வேற எந்த ஆப்லயாவது போறப்ப சொல்லிட்டுப் போறீங்களா?"

நான் என் போனை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. முரளி என் பக்கம் பார்க்காமல், "சரி" என்றார். அப்புறம் ஏதோ சமாதானம் மாதிரி, "உன் குரலை வேற எங்கயாவது வச்சுக்கலாம்" என்றார். எங்கே வைப்பது? வந்தவுடனே 'போயிட்டு வாங்க' என்று சொல்ல முடியுமா? எனக்கு அப்போது வந்த கோபம் இருக்கிறதே, அது இன்னும் முழுசாக ஆறவில்லை. வேலை மிஞ்சியது, குரல் போயிற்று.

பணம் வந்தது. ஏ.சி. வந்தது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மெத்தை மூட்டைகள் வந்தன, பெங்களூரில் ஒரு ஆபீஸ் வந்தது. முரளி அங்கே போனார். புது ஆப்பில் பட்டன் இல்லை. ஜில்லாவில் யார் இறந்தாலும் எல்லார் போனிலும் மணி அடித்தது. துறையூர் விதைக்கடைக்காரர்களில் ஒருத்தர் ஆபீசுக்கே போன் செய்தார்.

"ஏம்மா, வெளிய வர்ற வழியையே காணோமே?"

"அப்படியே மூடிட்டுப் போங்கய்யா, ஒண்ணும் ஆகாது."

"அதெப்படிம்மா? வந்தவன் சொல்லிக்காம எந்திரிச்சுப் போறதா? நல்லாவா இருக்கு?"

அப்படிக் கேட்டு வந்த போன்களுக்கு எல்லாம் நான்தான் பதில் சொன்னேன். மூடிட்டுப் போங்க, மூடிட்டுப் போங்க. அவர்களும் சொன்னபடியே மூடிவிட்டுப் போனார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. ஒரே நாளில் இல்லை, ஒவ்வொருத்தராக. பச்சைமலைக்காரர்கள் பஸ்ஸைப் பற்றிக் கேட்பது நின்றது. லால்குடி நின்றது. ஒருநாள் பெங்களூரிலிருந்து முரளி கூப்பிட்டு, "ஏன்மா எல்லாரும் போறாங்க?" என்று கேட்டார். "யாரு போறாங்கன்னு தெரிய வேண்டாம்னுதானேண்ணா பட்டனை எடுத்தோம்?" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைக்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இரண்டாவது தடவை பணம் கேட்டுப் போனபோது யாரும் கொடுக்கவில்லை. எல்லாரும் லெட்டர் போடுகிறேன் என்றார்கள். ஆபீசை மூடின அன்று முரளி வந்திருந்தார். மெத்தை மூட்டைகளைக் கீழே பாத்திரக் கடைக்காரரே எடுத்துக்கொண்டார். பூட்டைப் பூட்டிவிட்டு அவரும் அந்தோணியும் நானும் மாடிப்படியில் நின்றோம், புளி வாசனைக்கு நடுவில். அந்தோணி வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். முரளி தெற்கே போனார், அந்தோணி பஸ் ஸ்டாப்புக்குப் போனான், நான் ஸ்டேஷனுக்குப் போனேன். மூன்று பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது முரளி வேறு ஏதோ கம்பெனியில் இருக்கிறார். எப்போதாவது கூப்பிடுவார், முடிக்கும்போது "பை" என்பார். அந்தோணி வெளிநாட்டில். நான் மெட்ராஸ் போகவில்லை, கல்யாணம் ஆயிற்று, அது வேறு கதை. பாத்திரக் கடை போய்ப் போன் உறை விற்கிற கடை வந்திருக்கிறது, புளி வாசனை இல்லை. என் போனில் இருபது ஆப் இருக்கும். எல்லாமே என்னை வா வா என்று கூப்பிடுகின்றன. ஒன்றுகூட என்னை வழியனுப்புவதில்லை. ஒன்றிலிருந்து கிளம்பினோமா இல்லையா என்றே தெரியாமல் இன்னொன்றில் கிடக்கிறேன். எனக்கு இருப்புக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பஸ் நகர ஆரம்பித்தது. நான் முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டேன்: "ஐயா, அந்த எட்டிப்பார் இன்னும் வேலை செய்யுதா?"

"எங்கம்மா வேலை செய்யுது" என்றார், திரும்பாமலே. "பழைய போனு, புதுசு எதுவும் ஏறாது. உள்ள ஒண்ணும் வர்றதில்ல. சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். பழக்கதோஷம், தினம் எட்டிப் பாப்பேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, சொல்லிட்டு வெளிய வந்துருவேன்."

குரல் போனுக்குள்ளேயே இருப்பது. சர்வர் செத்தாலும் பட்டனைத் தொட்டால் பேசும். அந்தோணி அப்படித்தான் எழுதியிருந்தான். நான்தான் அது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பழையபடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் மாம்பழச்சாலை வந்துவிட்டது. பெரியவர் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, கம்பியைப் பிடித்துப் படி வரைக்கும் போய்விட்டார்.

"போயிட்டு வாங்க" என்றேன், அவர் முதுகைப் பார்த்து. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

அவர் படியில் நின்றார். கையைச் சட்டைப் பையில் விட்டுப் போனை எடுத்தார். திரை கறுப்பாக இருந்தது. காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இறங்குங்கய்யா, இறங்குங்க" என்று கண்டக்டர் கத்தினார். போனைப் பார்த்துக்கொண்டேதான் இறங்கினார். என் பக்கம் திரும்பவில்லை.